இரண்டு சம்சா

டாக்டர்கள் நம்மை நடக்கச் சொல்கிறார்கள். எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு நேர்ந்த சரிவுக்கெல்லாம் இந்த ஒரு குறைதான் காரணம் என்று வெகுநாள் வாதாடிப் பார்த்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், என் இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருப்பதாகக் கண்டுபிடித்து, அதற்குள் ஸ்டென்ட் ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் என்பது பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போன்ற ஒரு சின்னச் சமாசாரம். நாற்பது வருஷம் பேனாவை நம்பிப் பிழைத்தவனுக்குக் கடைசியில் பேனாவின் உறுப்பே உயிர் கொடுத்தது பொருத்தம்தான் என்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முப்பத்து நான்கு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் அவளுக்கு மனசு நிற்கும்.

அந்த நோட்டில் முதல் எண்: தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டாவது எண்: எண்ணெயில் பொரித்த பலகாரம் கூடாது. முதல் உத்தரவை நான் எவ்வளவு பக்தியோடு நிறைவேற்றினேன் என்றால், அதனாலேயே இரண்டாவது உத்தரவு உடைந்து போயிற்று.

நாங்கள் இருப்பது கும்பகோணத்தில். சாயங்காலம் மகாமகக் குளத்தை நான்கு சுற்றுச் சுற்றுவது என்று ஆரம்பித்தேன். நல்ல காற்று, படித்துறை, சுற்றிலும் மண்டபங்கள். இருதயத்துக்கு மட்டுமல்ல, கதைக்கும் நல்ல இடம். ஆனால் நான்கு சுற்று முடிந்ததும் கால்கள் பழக்கத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும் அல்லவா? அவை ரயிலடிப் பக்கம் ஓடின. அங்கே ஒரு டீக்கடை. டிகிரி காப்பிக்குப் பேர்போன ஊரில் டீக்கடைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும் வாசனையை அறியாதவர்கள்.

அவர்கள் அங்கே போடுவது வடக்கத்திக்காரர்களின் உருளைக்கிழங்குச் சமோசா அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் வெங்காயச் சமோசா. ரயிலில் கூடையோடு ஏறி விற்பார்களே, அந்த ஜாதி. கடையில் அதைச் சமோசா என்று யாரும் சொல்வதில்லை. 'சம்சா' என்பதுதான் பேச்சு. மேல் தோல் காகிதம் மாதிரி இருக்கும். பல் பட்டதும் நொறுங்கும். உள்ளே பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கும் வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் கறிவேப்பிலை. அவ்வளவுதான். இந்த அவ்வளவை வைத்துக்கொண்டு மனிதனை எத்தனை தூரம் இழுக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

முதல் நாள் ஒன்றே ஒன்று. இரண்டாம் நாள், ஒற்றைப்படையாக இருப்பது அழகல்ல என்று இரண்டு. அப்புறம் தினமும் இரண்டு. இப்படி நான்கு மாதம். வீட்டுக்குப் போகுமுன் தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொள்வேன், வாயைக் கொப்பளிப்பேன். கர்ச்சீப்பை உள்பக்கமாக மடித்து வைப்பேன். துப்பறியும் நாவல் எழுதுகிறவனாக நான் இருந்திருந்தால் இவை போதாது என்று தெரிந்திருக்கும். நான் எழுதியதெல்லாம் குடும்ப நாவல்கள்.

ஒரு நாள் சாயங்காலம், முதல் சம்சாவை முடித்து இரண்டாவதைக் கையில் எடுத்த சமயத்தில் மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"சார், இன்னிக்குக் காலையிலே டீச்சரம்மா வந்திருந்தாங்க."

"எந்த டீச்சரம்மா?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நம்ம வீட்டம்மாதான் சார். எட்டாவதிலே எனக்குக் கணக்கு எடுத்தவங்க. சம்சா எப்படி மடிக்கிறதுன்னு கேட்டாங்க. மூணு தடவை மடிச்சுக் காட்டினேன். நாலாவது தடவை அவங்களே மடிச்சுட்டாங்க. முனையிலே ஒரு பொட்டு இடைவெளி இல்லே. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்னாங்க."

மாஸ்டர் முகத்தில் ஒரே சந்தோஷம். பழைய டீச்சருக்கே பாடம் நடத்திய சந்தோஷம். எனக்கோ கையிலிருந்த சம்சா திடீரென்று கனத்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"நல்லாயிருக்கு" என்றேன். அன்று நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆனவர்களுக்கு இந்த மௌனம் ஒரு பாஷை. அதில் இலக்கணப் பிழை செய்தால் ஆபத்து என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சமையலறையில் ஒரு புதுச் சத்தம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் மகள் ஒரு மின்சார ஓவன் வாங்கிக் கொடுத்திருந்தாள். கேக் செய்யலாம் என்று கொடுத்தது. நாங்கள் அதில் அப்பளக் கட்டுகளை வைத்துப் பூட்டி வந்தோம். அன்று அப்பளம் வெளியே வந்தது, ஓவன் உறுமிற்று. சாயங்காலம் ஒரு தட்டில் நான்கு முக்கோணங்கள் என் முன்னால் வந்தன. எண்ணெயே இல்லாமல், முழுக் கோதுமை மாவில் செய்து, சுட்டது. மடிப்பு அபாரம். முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஊசி.

கடித்தேன். பனை ஓலையைக் கடித்திருக்கிறீர்களா? நானும் அதுவரை கடித்ததில்லை.

"நன்றாயிருக்கிறது" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "கதை எழுதறவர், பொய்யாவது நல்லாச் சொல்லக்கூடாதா?" என்றாள்.

அந்த வார்த்தைக்கு அப்புறம் மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "கடைக்குப் போயிருந்தாயாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"போனேன்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் உங்க பின்னாலேயே வந்தேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "சம்சா சாப்பிட்டதுக்காக எனக்குக் கோபம் இல்லைங்க. தினம் ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டுட்டு, பசிக்கலைன்னு எழுந்து போனீங்களே. ஏன் பசிக்கலைன்னு நான் எத்தனை நாள் பயந்திருப்பேன்? திரும்ப ஏதோ ஆரம்பிக்குதுன்னு நினைச்சேன். ராத்திரி முழிச்சுக்கிட்டு மூச்சு சரியா வருதான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நடக்கறப்போ எங்கேயாவது மயங்கி விழுந்துடுவீங்களோன்னுதான் அன்னிக்குப் பின்னாலே வந்தது. கடை வாசல்லே நின்னு இரண்டு கையாலேயும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்பாடான்னு இருந்தது."

நான் அநேகப் பெண்களைக் கதைகளில் அழ வைத்திருக்கிறேன். அதற்காகப் பாராட்டுக் கடிதங்களும் வந்திருக்கின்றன. எதிரே உட்கார்ந்து அழாமல் இப்படிச் சொல்லும் ஒரு பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. "இனிமேல் போகமாட்டேன்" என்றேன்.

"போகாம இருக்க உங்களாலே முடியாது. அதனாலேதான் கத்துக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி, மீதி மூன்று பனை ஓலைகளையும் உள்ளே எடுத்துப் போனாள். அவற்றை அவளே தின்று தீர்த்தாள் என்பது பின்னால் தெரிந்தது. மாவை வீணாக்குவது அவள் வழக்கமில்லை.

இரண்டாவது முயற்சி நான்கு நாள் கழித்து. இந்தத் தடவை தோல் மெல்லிசு. மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முறையே. இரண்டு சின்னச் சப்பாத்திகளுக்கு நடுவே எண்ணெய் தடவி மாவு தூவி, ஒன்றாக வைத்துத் தேய்த்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டினால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவரும். அதை நீளப் பட்டைகளாக வெட்டி, கூம்பாக மடித்து, உள்ளே வெங்காயத்தை அடைத்து, மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஓவனிலிருந்து வந்தபோது ஓரங்கள் கருகியிருந்தன. நடுப்பாகம் நனைந்த தபால் உறை போலத் தொளதொளவென்று இருந்தது.

என் மனைவி தோல்வியில் துவளுகிறவள் அல்ல. தோல்விக்குக் காரணம் எழுதுகிறவள். காரணம் இதுதான். கொதிக்கும் எண்ணெய் பலகாரத்தைச் சுற்றி நாலா பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் சூட்டை உள்ளே செலுத்துகிறது. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிச் சடசடவென்று குமிழ் விட்டு வெளியேறுகிறது. நாம் கேட்கும் அந்தப் பொரிகிற சத்தம், தண்ணீர் விடைபெறுகிற சத்தம். ஓவனில் இருப்பதோ காற்று. காற்று சோம்பேறி, அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொண்டு போகாது. அதற்குள் பச்சை வெங்காயம் தன் தண்ணீரையெல்லாம் விட்டு, தோலை உள்ளிருந்தே நனைத்துவிடுகிறது.

எண்ணெயைப் பற்றி இன்னொரு விஷயமும் அவள் படித்துச் சொன்னாள். பலகாரம் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் இருக்கும்போது அல்லவாம். உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைய இடம் இல்லை. வெளியே எடுத்து வைத்து ஆறத் தொடங்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தோல் உறிஞ்சிக் கொள்கிறது. அதனால், எடுத்தவுடன் நன்றாக உதறி வடியவிட்டால் கொஞ்சம் மிச்சம். கடையில் மாஸ்டர் சல்லிக் கரண்டியைச் சட்டி விளிம்பில் நாலு தட்டுத் தட்டுவதை நான் வெறும் ஆரவாரம் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கடை எண்ணெயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான்கு மாதம் ருசித்துவிட்டு இப்போது குறை சொல்வது நன்றி கெட்ட வேலை. பொதுவாகச் சொல்கிறேன். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து போகிறது. அந்தச் சிதைவை அளக்க ஓர் அளவு உண்டு. அது 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயைப் பலகாரக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து நம் நாட்டில் விதி இருக்கிறது. டால்டா வகைகளில் வரும் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கூடாது என்பது 2022-லிருந்து விதி. விதிகள் நல்லவை. ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கூட்டத்தின் நடுவே, சட்டியிலிருக்கும் எண்ணெயை யார் அளந்து பார்க்கிறார்கள்? வீட்டில் செய்வதில் ஓர் ஆறுதல், எண்ணெயின் வயசு நமக்குத் தெரியும்.

நிற்க. இரண்டு தோல்விகளுக்குப் பிறகு எனக்குள் இருந்த பழைய ஆசாமி தலைதூக்கினான். இது சமோசாவே அல்ல, சமோசா என்றால் எண்ணெயில் பொரித்ததுதான், பாரம்பரியம் என்று ஒன்று இருக்கிறது என்று வாதம் செய்யத் தீர்மானித்தேன். ஆயுதம் வேண்டுமே? புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் நல்ல சகுனம்தான். நம்முடைய மதுரைக்கும் வந்து போன யாத்ரீகர் இபின் பதூதா, 14-ஆம் நூற்றாண்டில் டில்லியில் முகமது பின் துக்ளக்கின் விருந்துகளில் சமோசா பரிமாறியதை எழுதி வைத்திருக்கிறார். கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா. மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்தது. பொரித்தது! நான் துள்ளிக் குதித்தேன். மாளவத்துச் சுல்தான் கியாத் ஷாவுக்காக 1500-ஐ ஒட்டிய வருஷங்களில் மாண்டு நகரில் எழுதிய சமையல் நூல் ஒன்று உண்டு. நிஃமத்நாமா என்று பெயர். அதில் சமோசா வகைகள் பல வருகின்றன.

ஆனால் பாருங்கள், இந்தச் சமோசாக்களில் ஒன்றிலாவது உருளைக்கிழங்கு கிடையாது, மிளகாய் கிடையாது. இருக்கவும் முடியாது. இரண்டும் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர்கள் வந்த பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தவை. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியதே 1498-ல்தான். நான் பாரம்பரியம் என்று மார் தட்டிக்கொண்டிருந்த மிளகாய்த்தூள், துக்ளக் காலத்தில் இந்த நாட்டின் காற்றைக்கூட முகர்ந்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் மானம் பிழைத்திருக்கும். இன்னும் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். உஸ்பெக்கிஸ்தான் பக்கத்தில் இதே பலகாரத்தின் அண்ணன் ஒருவன் இன்றைக்கும் தெருத்தெருவாக விற்கிறானாம். மாவுக்குள் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் சீரகமும் வைத்து, தந்தூரி அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டு எடுக்கிறார்கள். பொரிப்பதில்லை, சுடுகிறார்கள். அவன் பெயர் என்ன தெரியுமா? சம்சா! எங்கள் ரயிலடி மாஸ்டரும் தாஷ்கண்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே உச்சரிப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சமோசா என்று திருத்தமாகச் சொல்லிவந்த நான்தான் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன்.

தோற்றுப்போனவன் கடைசி அம்பை எய்வது போல, "ஆனால் அவர்கள் உள்ளே ஆட்டுக் கொழுப்பையும் வைக்கிறார்கள்" என்றேன்.

"அங்கே கொழுப்பு சம்சாவுக்குள்ளே இருக்கு. இங்கே எதிரிலே உட்கார்ந்திருக்கு" என்றாள் என் மனைவி.

மூன்றாவது முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதன் விவரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். எத்தனையோ வீடுகளில் என்னைப் போன்ற ஒருவர் இருக்கக்கூடும். அவர் பின்னால் நடந்து போகிற ஒருத்தியும் இருக்கக்கூடும்.

மாவு 240 கிராம். பாதி கோதுமை, பாதி மைதா. முழுக் கோதுமையில் தவிடும் நாரும் இருப்பதால் நல்லதுதான், ஆனால் தனியாக விட்டால் ஓலையாகிறது. மைதா தனியாக இருந்தால் வயிற்றுக்கு உதவாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று திருத்துகிறது. மாவில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, விரல்களால் நன்றாகத் தேய்த்துக் கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர். எண்ணெய் மாவின் பசையைக் கொஞ்சம் முறித்துவிடுவதால்தான் பலகாரம் நொறுங்குகிறது. முதல் தடவை எண்ணெயே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததன் பலன்தான் அந்தப் பனை ஓலை. சிறிது ஓமத்தைக் கசக்கிப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வைத்தாள்.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி உப்புப் பிசிறிப் பத்து நிமிஷம் வைத்து, தண்ணீரைப் பிழிந்து எடுத்தாள். வாணலியில் சொட்டு எண்ணெய்கூட விடாமல் மிதமான தீயில் ஈரம் போகுமட்டும் பிரட்டினாள். அதில் மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, முளைகட்டி ஆவியில் வேகவைத்த பச்சைப்பயறு ஒரு கை. கடைசியில் ஒரு பிடி கெட்டி அவல். அவல் மாஸ்டருடைய ரகசியம். வெங்காயம் விடும் மிச்சத் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். கலவை நன்றாக ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் அந்த ஆவியே தோலை நனைத்துவிடும்.

பட்டை வெட்ட, தீபாவளிச் சோமாசிக்கு வைத்திருந்த சக்கரக் கரண்டி உதவிற்று. இருபது சம்சா. மேலே பூச இரண்டு டீஸ்பூன் எண்ணெய், இருபதுக்கும் சேர்த்து. முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரி. பத்து நிமிஷம் ஆனதும் திருப்பிப் போட்டு, இன்னும் ஏழெட்டு நிமிஷம். நிறம் பார்த்து எடுத்தாள்.

கடித்தேன். நொறுங்கிற்று.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓவனைத் துடைக்கப் போய்விட்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கடைச் சம்சாவும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. பொரித்ததில் ஒரு பளபளப்பு, நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு சுகம் இருக்கிறது. அது எண்ணெயின் சுகம். எண்ணெய் இல்லாமல் அது வராது. இதில் கோதுமையின் மணமும் பயறின் கடிப்பும் வேறு விதமாக இருக்கின்றன. 'அசலைப் போலவே இருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தம்பி அண்ணனைப் போல் இருக்க வேண்டியதில்லை. நல்ல பையனாக இருந்தால் போதும்.

இவ்வளவு தத்துவம் பேசியதற்குள் நான் ஏழு சம்சா தின்றிருந்தேன்.

"எத்தனை ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இது எண்ணெயில்லாததுதானே?" என்றேன்.

அவள் ஒரு பேப்பரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இதற்கு முந்திய வாரமே, எனக்குத் தெரியாமல், இதே அளவு மாவில் இருபது சம்சா பொரித்து, சட்டியையும் எண்ணெயையும் பொரிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் தராசில் வைத்து நிறுத்திருக்கிறாள். அவற்றை அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு வாசனைகூட வரவில்லை. அப்போது நான் நல்ல பிள்ளையாகக் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருப்பேன். சட்டியில் குறைந்த எண்ணெய் 100 கிராம். அதாவது சம்சா ஒன்றுக்கு 5 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஆகவே எண்ணெய் மட்டும் 45. மாவும் உள்ளே இருப்பதும் சேர்ந்து ஏறக்குறைய 60. ஆகமொத்தம் 105. சுட்ட சம்சாவில் எண்ணெய் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட. அதனால் 70.

"கடையிலே இரண்டு சாப்பிட்டீங்க. 210. இங்கே மூணு சாப்பிட்டாலே 210. நீங்க ஏழு சாப்பிட்டிருக்கீங்க. 490" என்று அடியில் இரட்டைக்கோடு இழுத்தாள். "எண்ணெய் குறைஞ்சுதான் இருக்கு. ஆனா மாவு மாவுதானே?"

அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று பெயர் வைத்தவுடன் நமக்குள் ஒரு கதவு திறந்துவிடுகிறது. கெட்டது என்று தெரிந்து சாப்பிட்டபோது இரண்டோடு நின்ற கை, நல்லது என்று தெரிந்ததும் ஏழுக்குப் போயிற்று. கடையில் எனக்கு ஒரு பயம் காவல் இருந்தது. வீட்டில் அந்தக் காவற்காரனை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சம்சா. எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு. மீதி அடுத்த வீட்டுக்கு. பதிலுக்கு நான், ராத்திரி பசிக்கவில்லை என்றால் ஏன் பசிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் அந்தக் கணக்குக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மாசத்தில் ஒரு நாள் கடைச் சம்சா ஒன்றே ஒன்று சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எனக்குச் சலுகை கொடுத்தார். அதை அவள் தன் நோட்டில் மூன்றாவது எண்ணாக எழுதிக்கொண்டாள்.

அந்த ஒரு நாள் வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபோது அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாகக் குளத்தைச் சுற்றினோம்; ரயிலடிக்குப் போனோம். மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் துணியால் துடைத்தார்.

"ஓவன்லே நல்லா வருதாம்மா?" என்று கேட்டார்.

"நல்லா வருதுப்பா. மடிப்பு உன்னுடையதுதான்."

"என்ன இருந்தாலும் ஓவன்லே சுட்டா அது பிஸ்கோத்துதாம்மா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, ஆளுக்கொன்றாக இரண்டு சம்சாவைக் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தன் சம்சாவைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள், விடைத்தாளைப் பார்ப்பது போல. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் குடியிருக்கிறோம். நான் இந்தத் தெருவில் தின்ற பலகாரத்துக்குக் கணக்கில்லை. அவள் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடிக்கக் கற்றுக்கொள்ள வந்த அன்றுகூட அவள் நின்றபடி மடித்துவிட்டுப் போயிருக்கிறாளே தவிர, ஒன்றை வாங்கித் தின்றதாக மாஸ்டர் சொல்லவில்லை. என்னிடமிருந்து எந்த ருசியைப் பறிக்க வேண்டும் என்று அத்தனை பாடுபட்டாளோ, அந்த ருசி அவளுக்குத் தெரியவே தெரியாது.

கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்றும் பேசாமல், அவசரமில்லாமல், கடைசித் துணுக்குவரை சாப்பிட்டு முடித்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த தூளையும் விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல், மாஸ்டரைப் பார்த்து, "இன்னொண்ணு கொடுப்பா" என்றாள்.

இரண்டு 105 எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.